குட்டைக்கால் போயிங்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை நாள். லேத்துப் பட்டறையிலிருந்து டவுன் பஸ் வரைக்கும் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்த சாயங்காலம். அன்னவாசல், விராலிமலைப் பக்கம் மொட்டை மாடியில் நின்றவர்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் போவதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே சத்தம். அப்புறம் மறுபடியும். மாலை 5.40 வாக்கில் திருச்சியில் கிளம்பி ஷார்ஜா போக வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அது. போயிங் 737-800. ஹைட்ராலிக் கோளாறு. 141 பேரை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நம் வானத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

“எண்ணெயைக் கொட்டிட்டு இறங்க வேண்டியதுதானே?” என்று அன்று டீக்கடைகளில் கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ரக விமானத்தில் எண்ணெயைக் கொட்டுவதற்குக் குழாயே கிடையாது. 747, 777 போன்ற பெரிய விமானங்களுக்குத்தான் அந்த ஏற்பாடு. 737-800 ஏறத்தாழ 79 டன் எடையோடு கிளம்பலாம், இறங்கும்போது 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். வளைகுடா வரை போக நிரப்பிய எரிபொருளை எரித்துத் தீர்ப்பது ஒன்றுதான் வழி. மணிக்குச் சுமார் இரண்டரை டன்தான் எரியும். ஆகவே சுற்று.

அந்த விமானத்தின் உடம்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 737-இன் உருளை உடம்பு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா ஊரில் செய்யப்படுகிறது. இறக்கையோ வாலோ பூட்டாமல் முழு உடம்பாகவே சரக்கு ரயிலில் ஏற்றி, சியாட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள ரென்டன் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அறந்தாங்கிக்காரர் பஸ்ஸைப் பிடித்துத் திருச்சி போய் விமானம் ஏறுகிற மாதிரி, விமானமும் முதலில் தரைவழியாகத்தான் போகிறது. 2014 ஜூலையில் மொன்டானா மாநிலத்தில் அந்த ரயில் தடம் புரண்டது. ஆறு உடம்புகள் சரிந்தன. அவற்றில் மூன்று சரிவில் உருண்டு ஆற்றுக்குப் போய்விட்டன. ஆறையும் போயிங் கழித்துக்கட்டியது.

அந்த உருளையின் அகலம் 3.76 மீட்டர். 1950களில் 707-க்குப் போட்ட அதே அளவு, இன்று வரைக்கும் மாறவில்லை. ஏர்பஸ் ஏ320 இதைவிட 19 சென்டிமீட்டர் அகலம். வரிசைக்கு ஆறு பேர் என்று வகுத்தால் ஆளுக்கு மூன்று சென்டிமீட்டர். என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நான்கு மணி நேரம் நடு இருக்கையில் தோளைக் குறுக்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் பிழைக்கப் போகிற சபுராளியைக் கேட்டுப் பாருங்கள்.

உடம்பைவிடக் கால்களின் கதைதான் சுவாரஸ்யம். 737 முதன்முதலில் பறந்தது 1967 ஏப்ரல் 9-இல். சின்ன ஊர் விமான நிலையங்களில் ஏணியும் தூக்கியும் இருக்காது என்று நினைத்து, தரையில் நிற்கிற ஆளே பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளும் உயரத்தில் வயிற்றை வைத்தார்கள். கால்கள் குட்டையாகின. அப்போதைய ஜேடி8டி எஞ்சின் சுருட்டு மாதிரி ஒல்லி, எனவே இடிக்கவில்லை. 1970 கடைசியில் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்த 737-200 இந்த ரகம். காது கிழிகிற சத்தம், கரும்புகை, எண்ணெயைக் குடிக்கிற வயிறு. ஆனாலும் அதை ஓட்டிய விமானிகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். கைப்பிடியிலிருந்து கம்பி வடம் நேராக இறக்கைக்கும் வாலுக்கும் ஓடுகிறது. இரண்டு பிரதான ஹைட்ராலிக் அமைப்புகளும் போனால்கூட, புஜபலத்தால் இழுத்துப் பிடித்து ஓட்டலாம். அந்த வடம் 800 வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சிக்கனம் என்பது எஞ்சின் முகப்பில் சுழலும் விசிறியின் விட்டத்தில் இருக்கிறது. எஞ்சினின் உள்ளே எரிகிற ஒரு பங்கு காற்றுக்கு, எரியாமல் வெளியே சுற்றித் தள்ளப்படுவது எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. ஜேடி8டியில் சுமார் ஒன்று. 800-இன் சிஎஃப்எம்56-இல் ஐந்து. 800-க்கு அடுத்து வந்த மேக்ஸ் ரகத்தின் லீப் எஞ்சினில் ஒன்பது. ஏ320-இன் புது ரகமான நியோவில் வரும் பிராட் அண்ட் விட்னியில் பன்னிரண்டு. பங்கு கூடக்கூட எண்ணெய் மிச்சம். ஆனால் விசிறி பெருக்கப் பெருக்க, குட்டைக் காலுக்கு நெருக்கடி. 1984-இல் பறந்த 737-300-க்கு எஞ்சின் உறையின் அடியைத் தட்டையாக்கி, கீழே இருந்த உறுப்புகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தித் தப்பித்தார்கள். அடி நசுங்கிய சொம்பு மாதிரி இருக்கும். அடுத்த முறை திருச்சியில் படியேறும்போது எஞ்சின் வாயைப் பாருங்கள்: அடி சப்பையாக இருந்தால் போயிங்.

1987-இல் பறந்த ஏ320 பிறக்கும்போதே நெட்டைக்கால். 1989-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, நம் ஓடுபாதைகள் வலுக்குறைவு என்று பிரதானக் கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரம் போட்டு வரவழைத்தது. மாட்டு வண்டி தாங்கும் பாலத்தில் லாரியை விடுகிறவன் செய்கிற வேலை அது. நல்ல வேலை.

இரண்டையும் ஓட்டுபவர்களின் வழக்கு இன்றும் தீரவில்லை. போயிங்கில் இரு விமானிகளுக்கும் நடுவே முழங்காலருகில் ஒரு பெரிய டிரிம் சக்கரம் கடகடவென்று தானே சுற்றும். விமானம் மூக்கை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். ஒருவர் கைப்பிடியை இழுத்தால் மற்றவர் கைப்பிடியும் சேர்ந்து அசையும். ஏர்பஸ்ஸில் பக்கவாட்டில் சின்னக் குச்சிதான். ஒருவர் அசைத்தால் மற்றவருடையது அசையாது. அதற்குப் பதில் எல்லை மீறாமல் கணினி காவல் நிற்கும், முன்னால் மேசையை விரித்து நிம்மதியாகச் சாப்பிடலாம். என் கட்சி ஏர்பஸ். ஆனால் அந்தச் சக்கரச் சத்தத்தைப் பற்றிப் பழைய போயிங்காரர் பேசும்போது எதிர்த்துப் பேச மனம் வராது.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. இன்னும் பெரிய லீப் எஞ்சினை அதே குட்டைக்காலில் தொங்கவிட, அதை முன்னுக்கும் மேலுக்கும் தள்ளினார்கள், முன்காலையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதனால் மாறிய சுபாவத்தைச் சமாளிக்க மென்பொருள் ஒன்றைச் செருகினார்கள். அது தவறாக இயங்கி, 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலுமாக இரண்டு மேக்ஸ் விழுந்து 346 பேர் செத்தார்கள். தரையில் நிறுத்தப்பட்ட மேக்ஸ் இந்தியாவில் மறுபடி பறக்க 2021 ஆகஸ்ட் ஆனது. நியோ பக்கமும் சுகமில்லை. எரிபொருள் 15 சதவீதம் குறைவு என்பது உண்மை. ஷார்ஜா தூரத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் மிச்சம். ஆனால் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள் பழுதுக்காக வரிசையில் நின்றன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் அந்த எஞ்சின்கள்மேல் பழியைச் சொல்லிப் பறப்பதையே நிறுத்தியது. பழைய சிஎஃப்எம்56 எண்ணெய் குடித்தாலும் இறக்கையைவிட்டு இறங்காமல் வருஷக்கணக்கில் உழைக்கும்.

அந்த ஆயுத பூஜை மாலைக்குச் சரியாகப் பத்து நாள் முன்புதான், அக்டோபர் 1-இல், பழைய ஏர் ஏசியா இந்தியா ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு இணைந்தது. 800, மேக்ஸ், பழைய ஏ320, நியோ எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. ஆனால் போயிங்காரரை நாளைக்கே ஏர்பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தகுதிச் சான்று.

800-ஆல் வரும் பதற்றம் திருச்சிக்குப் புதிய அனுபவம் இல்லை. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி 1.20 மணி. துபாய்க்குக் கிளம்பிய இன்னொரு 737-800, 136 பேரோடு ஓடுபாதை முனையில் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது. வயிறு கிழிந்ததே தெரியாமல் பல மணி நேரம் பறந்து, மும்பைக்குத் திருப்பப்பட்டு இறங்கியது. ஓடும்போதே தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்து, கையோடு எஞ்சின் விசைக்கோலும் பின்னுக்கு வந்துவிட்டது என்றது விசாரணை. விசை குறைந்ததை விமானிகள் கவனிக்கவில்லை.

2024 ஆயுத பூஜை இரவு 8.15 வாக்கில் அந்த ஷார்ஜா விமானம் எல்லாச் சக்கரமும் தரையில் பட, சாதாரணமாகவே இறங்கியது. தீயணைப்பு வண்டிகளுக்கு வேலை வரவில்லை. திருச்சியில் அதே ஆண்டு ஜனவரி 2-இல் பிரதமர் புது முனையத்தைத் திறந்துவைத்திருந்தார். ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டுவோம் என்ற பேச்சு பல வருஷப் பழசு. விமானம் இறங்கிய ஓடுபாதை 2018-இல் இருந்த அதே 8,136 அடிதான்.