மாத்திரைக் கிடங்கு

வடசென்னையில் வயதானவர்கள் இன்றைக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அங்கேதான் டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் பக்கத்து ராயபுரத்தில் சொந்த ஆஸ்பத்திரியும் கட்டினார். இலவச வாசலையும் காசு வாசலையும் திறந்துவைத்தவர் ஒரே ஆள்.

நான் அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, டாக்டர்களை விட மருந்துக் கிடங்கின் கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆபரேஷன் செலவுக்கு நகையை அடகு வைத்துச் சமாளித்துவிடலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆயுசு முழுக்க மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டும். அதற்கு எந்த நகை காணும்?

எண்பதுகளில் நான் வேலை பார்த்த தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாத்திரை பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும். தட்டில் கொட்டி, கத்தி நுனியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, பழைய தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டுவோம். ஐப்பசி மழையில் டப்பாவின் அடியில் பாதி மாவாகிக் கிடக்கும். மிக்சர் வேண்டுமென்றால் பாட்டிலை நோயாளியே கொண்டுவர வேண்டும். வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்போம். ஸ்டாக் தீர்ந்துவிட்டால், "வெளியே வாங்கிக்குங்க" என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகும் கூலிக்காரர் ஒரு மாத மாத்திரையில் பத்து நாளைக்குரியதை வாங்குவார். மறுபடி வரும்போது காலில் புண் இருக்கும்.

1994-ல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப்பெயரில் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். மாவட்டங்களில் கிடங்குகள். ஒவ்வொரு பேட்சும் ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே வரும். எங்களுக்குப் பிடித்தது பாஸ்புக்தான். வங்கிப் புத்தகம் மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஒன்று. அதில் போட்ட தொகைக்குள் எங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். உதிரி போய் அட்டை வந்தது. அட்டையிலேயே விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்ததால் மாத்திரை பின்வாசல் வழியாகப் போவதும் குறைந்தது. உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகம் அமைத்தன.

2009-ல் கலைஞர் மருத்துவக் காப்பீடு, 2012-ல் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு வந்தன. ஏழைக்குத் தனியார் ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் நடந்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பெட்டில் படுத்தவருக்கான பணம். தினம் விழுங்கும் சர்க்கரை மாத்திரை மெட்பார்மினுக்குக் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒரு பைசா வாங்க முடியாது. தனியார் கிளினிக்கில் டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை, பிராண்டு மாத்திரை மூன்றும் அவரவர் பையிலிருந்துதான்.

அரசு ஆஸ்பத்திரியும் முழு இலவசம் என்று சொல்லிவிட முடியாது. விடியற்காலையில் கிளம்பி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. இரண்டையும் நான் மருந்துச் செலவுக் கணக்கில்தான் எழுதுவேன்.

இரண்டு வாசலுக்கும் நடுவே நடப்பவர்களும் உண்டு. தனியாரில் காட்டிவிட்டு, அந்தச் சீட்டோடு எங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். "இதே மாத்திரை இருக்குதா சார்?" பெயர் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது அதேதான். "இருக்கும்மா. மொதல்ல ஓ.பி. சீட்டுப் போட்டு இங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்பேன்.