ஓடின் மண்டபமும் அடிமையின் முதுகும்

வட ஐரோப்பிய மக்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கைவிட்டுவிட்ட கடவுளர் கூட்டம், இன்று கணினித் திரையிலே குடியேறிக் கொலுவீற்றிருக்கிறது! 2008-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்க, சேகா நிறுவனம் வெளியிட்ட 'வைகிங்: பேட்டில் ஃபார் ஆஸ்கார்டு' என்னும் விளையாட்டிலே, ஃபிரெயா என்ற பெண் தெய்வம் ஸ்காரின் என்ற வீரனை ஏவி, ஹெல் என்ற சாவுத் தெய்வத்தின் பிணப் படையோடு மோதவிடுகிறாள். 2018-இல் 'காட் ஆஃப் வார்', 2020-இல் 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா', 2022-இல் 'காட் ஆஃப் வார்: ரக்னராக்' என்று அணிவகுப்பு வளர்ந்துகொண்டே போகிறது. கோடரி மின்னுகிறது, குருதி கொட்டுகிறது, ஆடுகிற இளைஞன் தன்னை மறக்கிறான்.

ஆடுவதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. உழைத்துக் களைத்த உள்ளம் பொழுதுபோக்கு நாடுவது இயல்பு. ஆனால் பொழுதுபோக்கு, வரலாற்றின் உடையை அணிந்துகொண்டு வருமானால், அந்த உடையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கே நெய்தது? யார் தைத்தது?" என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமையன்றோ?

கேட்டுப் பார்ப்போம். வைகிங் என்றதும் கொம்பு முளைத்த தலைக்கவசம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கொம்பு போர்க்களத்தில் முளைத்ததன்று, நாடக மேடையிலே முளைத்தது! 1876-இல் செருமனியின் பைராய்த் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்லர் என்ற ஓவியரின் கைவண்ணம் அது. நார்வே நாட்டு யெர்முண்ட்பு என்ற இடத்தில் 1943-இல் கண்டெடுக்கப்பட்ட வைகிங் காலத்து இரும்புக் கவசத்திலே கொம்பும் இல்லை, இறகும் இல்லை.

சரி, கதைகளாவது அவர்கள் காலத்தவையா? 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியதிலிருந்து, 1066-இல் ஸ்டாம்ஃபோர்டு பாலத்துப் போரில் நார்வே மன்னன் வீழ்ந்தது வரையுள்ள காலத்தை வைகிங் காலம் என்பர். ஐஸ்லாந்து மக்கள் கிறித்தவத்தை ஏற்றது ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில். ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் பெருந்தலைவர் பழைய தெய்வக் கதைகளைத் தொகுத்து எட்டா நூலை எழுதியதோ 1220-ஐ ஒட்டி. அதாவது, அந்தத் தெய்வங்களை வணங்கிய தலைமுறை மண்ணாகி இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், வேறொரு மதத்தவர் எழுதிவைத்த ஏடு அது. இன்று திரையிலே நாம் காணும் ஓடினும் தோரும் பெரும்பாலும் இந்த ஏட்டின் வழியே வந்தவர்கள்.

அந்த ஏடு சொல்லும் வல்ஹல்லா மண்டபத்தைப் பாருங்கள்! போரிலே வெட்டுண்டு மாண்டவர்க்குத்தான் அங்கே இடம். பகலெல்லாம் ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்துவார்களாம். மாலையானதும் எழுந்து விருந்துண்பார்களாம். சேரிம்னிர் என்ற பன்றி நாள்தோறும் சமைக்கப்படுமாம். பொழுது சாய்ந்தால் மீண்டும் முழுப் பன்றியாகிவிடுமாம்! நோயிலும் முதுமையிலும் இறந்தவர் சென்று சேருமிடம் ஹெல்லின் இருட்டு வீடு.

இந்தக் கற்பனையால் ஆதாயம் யாருக்கு? ஏர் பிடித்தவனுக்கா? பிள்ளை பெற்று மாண்ட தாய்க்கா? இல்லை. சாவுக்கு அஞ்சாத வாள்வீரர் ஆயிரவர் தேவைப்பட்ட மன்னனுக்கும், கடற்கொள்ளைத் தலைவனுக்கும்தான். கூலியைக் கையிலே தராமல் மேலுலகத்திலே தருவதாகச் சொல்லும் தந்திரம் எந்த நாட்டிலும் ஆள்வோர்க்கு இனித்தே வந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். 'ரீக்ஸ்தூலா' என்றொரு பழம்பாட்டு உண்டு. ரீக் என்ற பெயரோடு மண்ணுலகில் நடந்துவரும் ஹெய்ம்தால் என்ற தெய்வம் மூன்று வீடுகளில் தங்குகிறது. மூன்று வீட்டிலும் மகவு பிறக்கிறது. முதல் மகன் திரால், அதாவது அடிமை. சுருங்கிய தோல், கூனிய முதுகு. விறகு சுமப்பதும், வயலுக்கு எரு இடுவதும், பன்றி மேய்ப்பதும் அவன் தொழில். இரண்டாமவன் கார்ல், உழவன். காளையைப் பழக்குகிறான், கலப்பை செய்கிறான். மூன்றாமவன் யார்ல், பிரபு. ஒளிவீசும் கன்னம், கையிலே வில்லும் வேலும். தெய்வம் திரும்பி வந்து, "நீயே என் மகன்" என்று உரிமை பாராட்டி, எழுத்தாகிய ரூன் அறிவைக் கற்றுத் தருவது யாருக்கு? மூன்றாமவனுக்கு மட்டும்! மூவருக்கும் மூலம் ஒரே தெய்வம். முதுகு ஒருவனுக்கு, முடி ஒருவனுக்கு, எழுத்தும் அவனுக்கே! பிறப்பிலே ஏற்றத்தாழ்வைப் புகுத்தித் தெய்வத்தின் முத்திரையைக் குத்தும் வேலை, பனி சூழ்ந்த அந்நாட்டிலும் நடந்திருக்கிறது.

அடிமை வெறும் பாட்டுப் பொருளல்லன். வைகிங்குகளின் டப்ளின் நகரம் பெரும் அடிமைச் சந்தையாக விளங்கிற்று. பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவோடு சென்ற இப்னு ஃபத்லான், 922-இல் வோல்கா ஆற்றங்கரையிலே ரூஸ் எனப்பட்ட வடவர் தலைவன் ஒருவனின் இறுதிச் சடங்கைக் கண்டு எழுதிவைத்தார். தலைவனோடு உடன்கட்டையாக ஓர் அடிமைப் பெண் கொல்லப்பட்டாள். மதுவூட்டி மயக்கினார்கள், கயிற்றால் நெரித்தார்கள், 'சாவின் தேவதை' எனப்பட்ட கிழவி கத்தியால் குத்தினாள். வெளியே நின்ற ஆடவர் கேடயங்களைத் தட்டி முழக்கினார்கள். ஏன்? அவளுடைய அலறல் கேட்டால், மற்றப் பெண்கள் இப்படிச் சாக முன்வரமாட்டார்களே என்பதற்காக!

தோழர்களே, அந்தக் கேடய முழக்கம் இன்னும் ஓயவில்லை. 'வல்ஹல்லா' விளையாட்டிலே மடங்களைத் தாக்கலாம், பெட்டிகளைத் திறந்து செல்வத்தை அள்ளலாம். பொதுமக்களைக் கொன்றால் மட்டும் விளையாட்டு எச்சரிக்கிறது. கொள்ளைப் பொருள்களிலே மனிதனுக்கு இடமில்லை. விலங்கிடப்பட்டுக் கப்பலேறிய ஆண்களும் பெண்களும் மெல்லத் துடைக்கப்பட்டுவிட்டனர். கொள்ளைக்காரனைக் கதாநாயகனாக்க, அவன் குற்றத்தில் பாதியை மறைக்கவேண்டியிருக்கிறது!

எனினும் நடுநிலை தவறோம். வடவர் புராணத்தில் ஓர் அரிய துணிவு உண்டு: அவர்களுடைய கடவுளர் சாவார்கள். ரக்னராக் என்ற ஊழிப் போரிலே ஓடினை ஓநாய் விழுங்கும். தோர் பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து, நஞ்சால் வீழ்வான். 2022-ஆம் ஆண்டு விளையாட்டு இன்னும் ஒருபடி முன்சென்று, ஓடினை வஞ்சக வேந்தனாகவே காட்டுகிறது. கட்டளைக்குப் பணியாத தன் மகன் தோரைத் தானே கொல்கிறான் அவன். தெய்வத்தையும் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றலாம் என்ற எண்ணத்தை இளைஞர் உள்ளத்தில் விதைக்குமானால், அந்த அளவுக்கு அதை நாம் பாராட்டுவோம்.

இக்கதைகளைக் கேள்வியின்றி விழுங்கியதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டது. இட்லரின் எஸ்.எஸ். படை ரூன் எழுத்தைச் சின்னமாக்கிற்று. அதன் ஒரு படைப்பிரிவுக்கு 'வீக்கிங்' என்றே பெயர் சூட்டிற்று. தூய வடவர் குருதி என்ற பொய்க்காக மக்கள் இலட்சக்கணக்கில் மாய்க்கப்பட்டனர். அந்தப் பொய்யை அறிவியல் உடைத்தது. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, வைகிங் காலத்தையும் அதனையொட்டிய காலங்களையும் சார்ந்த 442 பேரின் எலும்பு, பற்களிலிருந்து மரபணுவைப் படித்தது. தென் ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவிலே வைகிங் வாளோடு புதைக்கப்பட்டிருந்த ஆடவர், மரபால் அம்மண்ணின் மைந்தராகவே இருந்தனர். வைகிங் என்பது தொழிலின் பெயர், வாழ்முறையின் பெயர், குருதியின் பெயரன்று.

ஆகவே இளைஞர்களே, ஆடுங்கள், கோடரியையும் சுழற்றுங்கள். ஆனால் பொன்வேய்ந்த மண்டபம் திரையிலே தோன்றும்போது, அதற்கு விறகு சுமந்தவன் எங்கே என்று தேடுங்கள். கேடயங்கள் முழங்கும்போது, எந்த அலறலை மறைக்க இந்த முழக்கம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எழுகிற இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.