திரும்பி வந்த காற்று

மட்டக்களப்புக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வயதானவர்களிடம் வயதைக் கேட்டால், ஆண்டைச் சொல்லுமுன்னர் "சூறாவளிக்கு நான் கைப்பிள்ளை" என்பார்கள்; அல்லது "சூறாவளிக்கு அடுத்த வருஷம்தான் எனக்குக் கலியாணம்" என்பார்கள். எந்தச் சூறாவளி என்று யாரும் விளக்குவதில்லை. 1978 நவம்பர் 23, வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஏறக்குறைய இரண்டு வாரம். அப்போது நான் காத்தான்குடியில் பத்து வயதுச் சிறுவன்.

மஃரிபுக்குப் பிறகு காற்று வலுத்தது. வடக்கிலிருந்துதான் வந்தது. முதலில் குசினிக் கிடுகுகள் போயின, பிறகு வேலி. வாப்பா எங்கள் எல்லோரையும் கல்வீட்டு உள்ளறைக்குள் தள்ளிக் கதவுக்கு முட்டாக உரலை உருட்டி வைத்தார். அயலவர்களும் வந்து சேர, அந்தச் சிறிய அறைக்குள் இருபது பேர்வரை இருந்தோம். வெளியே யாரோ பாங்கு சொல்வது காற்றின் இடைக்கிடை கேட்டது. தொழுகை நேரத்துப் பாங்கல்ல அது.

பின்னர் காற்று நின்றது. நின்றதென்றால், கைவிளக்கின் சுடர்கூட ஆடவில்லை. ஆண்கள் எழுந்து கதவைத் திறக்கப் போனார்கள். உம்மம்மா வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போகாதங்க மகன். இது நிண்ட காத்தில்ல, திரும்பி வாற காத்து" என்றார். மருமகனிடம் அவர் குரலுயர்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. தெற்கே சாய்ந்து நின்ற தென்னைகள் மறுபக்கம் முறிந்தன. அந்த இடைவெளியில் தன் மாட்டைப் பார்க்கப் போன அயலவர் ஒருவர், பறந்து வந்த கூரைத் தகரம் வெட்டி மௌத்தானார்.

இதன் காரணத்தைப் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். நமது பக்கத்துச் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வது. அது மேற்கு நோக்கி நகர்கையில் கிழக்குக் கரைக்கு முதலில் வடகாற்று, மையம் கடக்கும்போது அமைதி, கடந்ததும் தென்காற்று. எழுத்தறியாத உம்மம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது? 1907 மார்ச்சில் இதே கரையை ஒரு சூறாவளி தாக்கியது. அப்போது அவருடைய தாய், கவிழ்த்து வைத்த தோணிக்கடியில் பிள்ளைகளோடு கிடந்தாராம். காற்று ஓய்ந்ததென்று வெளியே வந்தவர்களை இரண்டாவது காற்று கொண்டுபோன கதையை உம்மம்மா தாயின் வாயால் கேட்டிருக்கிறார். எழுபத்தொரு வருடம் அந்த அறிவு பெண்களின் வாய்வழியாகவே வந்து எங்கள் கதவை மறித்தது. நமது ஊர் வரலாறுகளை எழுதியவர்கள் பள்ளிவாசல் கட்டியவர்களையும் மரைக்கார்மாரையும் பதிந்த அளவுக்கு இத்தகைய பேச்சைப் பதியவில்லை என்பது என் நெடுநாள் குறை.

இழப்பின் கணக்குகள் இருக்கின்றன. நாடளாவ 900க்கும் மேற்பட்ட உயிர்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கட்டடங்களுக்குச் சேதம். மட்டக்களப்பு மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிவு. தென்னை போனதென்றால் தேங்காய் மட்டும் போனதல்ல. கிடுகு பின்னியும் கயிறு திரித்தும் சீவித்த பெண்களின் கைக்காசும் போயிற்று. புதுக்கன்று காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். அதற்குள் கூரைகள் பலவும் தகரமாகிவிட்டன. எங்கள் அயலவரைக் கொன்றது தகரம்தான் என்பதை அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1978 சூறாவளிக்குப் பெயர் கிடையாது. வட இந்து சமுத்திரச் சூறாவளிகளுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. 2025 நவம்பரில் டித்வா வந்தபோது பேரப்பிள்ளைகள் பெயரோடும் படத்தோடும் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மழையாலும் மண்சரிவாலும் நாட்டை உலுக்கியது. காற்றைப் பற்றிக் கேட்டவர் குறைவு.

அன்று இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்முனை வாசகர்கள் தங்கள் வீட்டு மூத்தவர்களிடம் மூன்று விடயம் கேட்டெழுத வேண்டும்: முதற்காற்று எந்தத் திசை, நடுவில் ஓய்வு இருந்ததா, இருந்தால் எவ்வளவு நேரம். ஓய்வே இல்லாத ஊர்களும் இருக்கும், அதையும் எழுதுங்கள். அவற்றை ஊர் ஊராக அடுக்கினால், மையம் எங்களைக் கடந்த வழியை எங்கள் ஆட்களின் வாய்மொழி கொண்டே வரைந்துவிடலாம்.