சிதம்பரம் திருத்தேர்: இயங்கு சிற்ப மரபும் அதன் கலைஞர்களும்

முன்னுரை

இயங்கு சிற்பம் 20ஆம் நூற்றாண்டு மேலைக்கலையின் ஆக்கமாகவே பெரிதும் பேசப்படுகிறது. 1930களில் அலெக்சாண்டர் கால்டர் காற்றில் அசையும் சிற்பங்களை அமைத்தார். மக்கள் கூடி இழுத்தாலன்றி நகராத பேருருவச் சிற்பமாகிய தேரோ, தமிழகத்தில் அதற்குப் பன்னூற்றாண்டுகள் முற்பட்டது. சிதம்பரம் தேரை இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்தேரும் மரத்தேரும்

நடராசர் கோயிலின் நிருத்த சபை, சக்கரங்களும் குதிரைகளும் கொண்ட தேர் வடிவில் கல்லில் அமைந்தது. அங்கு இயக்கம் தோற்றமளவில் நிற்கிறது. ஆனி, மார்கழித் திருவிழாக்களில் நான்கு வீதிகளிலும் வலம்வரும் ஐந்து மரத்தேர்களில் அது மெய்யாகிறது. மூலவராகிய நடராசரே தேரேறுவது இத்தலத்தின் தனிச்சிறப்பு.

தேரின் அடிப்பகுதி சிற்பங்கள் செதுக்கிய நிலையான மர அமைப்பு. மேற்பகுதி கழிகளாலும் துணியாலும் விழாதோறும் கட்டிப் பிரிக்கப்படுவது. சுற்றிலும் தொங்கும் தொம்பைகள் தேரின் ஓட்டத்திற்கேற்ப அசைகின்றன. எனவே தச்சரின் படைப்பு, அலங்காரம் கட்டுவோராலும் வடம் பிடிப்போராலுமே முழுமை பெறுகிறது.

முட்டுக்கட்டையும் கணிப்பும்

தேரின் அச்சு திரும்பும் அமைப்புடையதன்று. வீதி முனையில் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையை உரிய கோணத்தில் இட்டே தேரைத் திருப்புகின்றனர். வேகத்தைத் தணிப்பதும் அதுவே. உருளும் சக்கரத்திற்கு மிக அருகில் நின்று, நொடிப்பொழுதில் கணித்துச் செய்யும் பணி இது. பிழைத்தால் உயிருக்கே கேடு.

ஆவணங்களின் மௌனம்

1128இல் விக்கிரம சோழன் தில்லைக் கோயிலில் செய்த பொற்பணிகளுள் தேருக்குப் பொன் வேய்ந்ததும் ஒன்று என அவன் மெய்க்கீர்த்தி போற்றுகிறது. கொடையாளனின் புகழே அதன் பாடுபொருள். தேர் செய்த தச்சரும் கட்டையிட்டவரும் அல்லர்.

அண்மைக் காலத்தில் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் தடுப்புக் கருவியும் அமைத்தது. பாதுகாப்பு பெருகியது, ஆயினும் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை இன்றும் வேண்டப்படுகிறது. கருவியால் முற்றிலும் ஈடுசெய்ய இயலாத தொழிலறிவு கட்டையாளரிடம் உள்ளதை இது காட்டுகிறது.

முடிவுரை

தேரின் மரச்சிற்பங்களை மட்டும் பதிவுசெய்வது, நின்ற தேரைப் பதிவுசெய்வதேயாகும். ஓடும் தேரின் வரலாற்றை எழுத, தச்சர், அலங்காரம் கட்டுவோர், கட்டையாளர் ஆகியோரின் வாய்மொழி அறிவும் சான்றாகத் தொகுக்கப்பட வேண்டும். கைமாறாது நின்றுவிட்டால், அவ்வறிவைச் செதுக்கிய பலகைகளிலிருந்து மீட்க இயலாது.