கருப்பையா: ஓர் ஆண்பாற் பெயரின் வரலாறு

பூண்டுலோயாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் முந்திய தலைமுறை ஆடவரிடையே பெருவழக்காயிருந்த இயற்பெயர்களுள் கருப்பையா என்பதும் ஒன்று. எளிய பெயரெனினும் ஒரு சமூகத்தின் வரலாறு அதனுட் பொதிந்துள்ளது.

இப்பெயர் கருப்பு, ஐயா என்னும் இரு சொற்களாலானது. முன்னது கருமை நிறத்தைக் குறிக்கும். வல்லின றகரத்தோடு வரும் கறுப்பு என்பதற்கு வெகுளிப் பொருளும் உண்டென்பது தொல்காப்பிய உரியியலாற் பெறப்படும். நிறமும் சினமும் ஒருங்கே உடைய தெய்வம் கருப்பசாமி. அழகர் கோயிலிற் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவம் இல்லை. சந்தனம் பூசிய கதவே வழிபடப்படுகிறது. வாயில் காப்பதே அத்தெய்வத்தின் தொழில். ஐயா என்பது தந்தையையும் தலைவனையும் குறிக்கும் உயர்வுச் சொல். கூலியென்று இழித்துரைக்கப்பட்ட ஒருவனை அழைத்தோரும், அவன் முழுப்பெயரைச் சொல்லுமிடத்து 'ஐயா' என்றே முடித்தல் வேண்டியிருந்தது.

மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாக நடந்து மலையேறிய மக்கள், ஊர்க்காவல் தெய்வத்தையும் உடன் கொணர்ந்தனர். காடும் குளிரும் நோயும் சூழ்ந்த புதுநிலத்திற் காவலன் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் வேண்டுதலும் அரணுமாயிற்று.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ ஆகும். ஆகவே கருப்பையாவின் மகன் முத்தையாவாயின், முத்தையாவின் மகன் மீண்டும் கருப்பையா ஆவான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு இம்மரபே வமிசப் பதிவேடாக விளங்கிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ வேறு பதிவேட்டை வேண்டிற்று. இலங்கையிற் பிறந்தவனாயினும், தந்தை இங்குப் பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தமையையோ காட்டுமாறு அது பணித்தது. பாட்டன் பெயரைத் தன் பெயராகவே சுமந்து நின்றவனிடம் பாட்டனுக்குரிய பத்திரம் கேட்கப்பட்டது. ஆங்கில எழுத்திற் பதிவான பெயர்களில் ரகர றகர வேறுபாடு மறைந்தது. ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாய் ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. அக்கணக்கிற் பெயர்கள் எண்களாயின. உடன்பிறந்தார் இரு நாட்டினராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வமிசாவளியினரில் எஞ்சிய நாடற்றோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை பெற வழிசெய்தது.

இன்றைய இளைஞர் இப்பெயரைப் பழமையெனக் கருதிப் புதுப்பெயர்களை நாடுகின்றனர். அது குறையன்று, பெயர் காலத்தோடு மாறும். ஆயினும் பத்திரம் இல்லாதிருந்த காலத்தில், இன்னார் வழியினன் இவன் என்பதற்குச் சான்றாய் நின்றது இப்பெயரே. மலையக வரலாற்றை ஆராய்வோர் ஆவணக் காப்பகங்களோடு பெயர் வழக்கையும் மூலமாகக் கொள்ளுதல் வேண்டும்.