நிறுத்துவதற்கு ஒரு மட்டை: மேசைப் பாத்திர விளையாட்டு பற்றிய அறிமுகம்

திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தை. மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். லூடோப் பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு பகடைகள், கொப்பிகள், பென்சில்கள், தேநீர். நடுவில், பெரிய புள்ளடி போட்ட ஒரு மட்டை. அன்று கதையை நடத்துவது என் முறை. கற்பனைக் கிராமம் ஒன்றில் இரவில் தானாக எரியும் வெளிச்சவீட்டின் மர்மத்தை மற்ற நால்வரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“வெளிச்சவீட்டுக்குப் பின்னால் பனங்குற்றியால் மூடிய ஒரு குழி. உள்ளே இருட்டு. இறங்குகிறீர்களா?” என்று கேட்டேன். வன்னியில் வளர்ந்த தோழி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அந்த மட்டையில் விரலை வைத்தார். “சரி, குழி இல்லை. அது ஒரு பழைய மீன்வாடி, கதவு திறந்து கிடக்கிறது” என்று மாற்றினேன். கதை தொடர்ந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மட்டைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எப்படி விளையாடுவது?

ஒருவர் கதையை நடத்துவார். அவரை ‘கேம் மாஸ்டர்’ என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள்: பெயர், தொழில், எதில் கெட்டிக்காரர், எதற்குப் பயம். நடத்துபவர் நிலைமையை விவரித்து, “என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்பார். ஒவ்வொருவரும் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று நிச்சயமில்லாத இடத்தில் மட்டும் பகடை உருளும்.

உலகில் அதிகம் அறியப்பட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாட்டில் இருபது முகப் பகடை பயன்படுகிறது. விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டவேண்டும். இலகுவான செயலுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20 வரவேண்டும். 2010இல் வெளிவந்த ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ சாதாரண பகடைகள் இரண்டோடு முடிகிறது. திறமை எண்ணையும் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி. 7 முதல் 9 வரை என்றால், நினைத்தது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்கவேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் சிக்கல். நாங்கள் இதையே பின்பற்றுகிறோம்.

பொதுவாக வென்றவர், தோற்றவர் என்று இல்லை. ஓர் அமர்வுக்கு மூன்று மணித்தியாலம் போதும். கதை முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு தொடரலாம்.

படைமுகாமில் இருந்து வந்தது

இந்த விளையாட்டின் வேர் போரில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தில் படையணிகளைக் குறிக்கும் கட்டைகள் நகரும். பகடையும், முடிவைச் சொல்ல ஒரு நடுவரும் இருந்தார்கள். இன்றைய கேம் மாஸ்டரின் மூதாதை அந்த நடுவர்தான்.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார். அதில் சிலருக்குப் படைக்குப் பதிலாக நகர மேயர் போன்ற தனிமனிதப் பாத்திரங்கள் கிடைத்தன. அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் பின்னர் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸை வெளியிட்டார். படையணிகளை எண்ணிய விளையாட்டு, பெயரும் பயமும் உள்ள ஓர் ஆளின் கதையானது அப்படித்தான்.

நாங்களும் சின்ன வயதில் போர் விளையாடியவர்கள்தான். பூவரசந்தடி துவக்காகும். ஆமியாக இருக்க ஒருவரும் விரும்பாததால் சின்னப் பிள்ளைகள்தான் ஆமி. அழுதாலும் விளையாட்டு நிற்காது.

நமக்கு அந்நியமானதல்ல

வேறொருவராக இருந்து பார்ப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியது. பின்னர் அவர் எழுதிய ‘அன்னை இட்ட தீ’ போர் மனதில் விட்ட காயத்தைப் பேசியது. அதே காயத்தை மருத்துவராக ஆராய்ந்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பது அவர் வலியுறுத்தி வந்த கருத்து.

அரங்குக்கும் இந்த மேசைக்கும் உள்ள வேறுபாடு, இங்கே பார்வையாளர் இல்லை. நடிக்கத் தெரியவேண்டியதில்லை. “என் ஆள் கதவைத் தட்டுகிறா” என்று சொன்னாலே போதும்.

கோடு, திரை, மட்டை

நல்ல குழுக்கள் கதைக்கு முன் ஓர் அமர்வைப் பேசுவதற்கென்றே ஒதுக்குகின்றன. எந்த விடயம் கதையில் வரவே கூடாது என்பது ‘கோடு’. வரலாம், ஆனால் விவரிக்காமல் கடந்துபோகவேண்டும் என்பது ‘திரை’. இந்த இரண்டையும் வகுத்தவர் ரொன் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர். எங்கள் மேசையில் ஷெல்லடியும் பிள்ளைகளின் சாவும் கோட்டுக்கு அப்பால். இடப்பெயர்வு திரைக்குப் பின்னால்.

எது உள்ளே குத்தும் என்பது முன்கூட்டியே தெரிவதில்லை. பனங்குற்றி மூடிய குழி எங்கள் பட்டியலில் இருக்கவில்லை. அதற்குத்தான் மட்டை. இதை உருவாக்கியவர் ஜோன் ஸ்டாவ்ரோபுலோஸ். யார் தொட்டாலும் நடத்துபவர் அந்த இடத்தைக் கதையில் இருந்து எடுத்துவிடவேண்டும். தொட்டவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

விளக்கம் சொல்லத் தேவையில்லை என்பது நமக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று யோசித்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், 2013இல் பரணகம ஆணைக்குழுவிடம் சொன்னார்கள், 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகத்திடமும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து. செய்தியாளராக நானும் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டி, “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் மௌனமானால் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறேன். அந்த விறாந்தைக்குப் பிறகு, எந்தக் கேள்வியையும் விடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று நேர்காணலுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

தொடங்க விரும்பினால்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் தமிழாக்கலாம். இருபது முகப் பகடைக்குக் கைத்தொலைபேசிச் செயலிகள் உண்டு.

இது சிகிச்சை அல்ல. நித்திரை வராமல், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வாட்டினால் மருத்துவரைப் பாருங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

மற்றப்படி நாலைந்து பேரும் இரண்டு பகடைகளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்க முதல் அந்த மட்டையைச் செய்து மேசை நடுவில் வையுங்கள். முதல் நாள் நடத்துபவரே ஒரு தடவை அதைத் தொட்டுக் காட்டினால், மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.