கடைச் சாளரத்து நாய்க்குட்டி: இங்கிலாந்தில் ஒரு வணிகமும் பொதுசன அபிப்பிராயமும்

ஒரு சமூகத்தின் அறவுணர்வு மாறுவதைப் போர்களிலும் புரட்சிகளிலும் மாத்திரம் தேடுதல் வரலாற்று மாணவர்க்கு வழக்கமாகிவிட்டது. ஆயின், அன்றாடக் கொடுக்கல் வாங்கல்களிலும் அம்மாற்றம் தன் சுவட்டைப் பதித்தே செல்கின்றது. இங்கிலாந்தில் நாய்க்குட்டிகளைக் கடையில் வைத்து விற்ற வழக்கம் இதற்குத் தக்க சான்றாகும். 1951 ஆம் ஆண்டில் சட்டம் அநுமதிப்பத்திரம் வழங்கி ஒழுங்குபடுத்திய அவ்வணிகத்தை 2020 ஆம் ஆண்டில் சட்டமே விலக்கியது. இடைப்பட்ட காலத்தில் கடைக்காரர் திடீரெனக் கொடியவராகிவிடவில்லை. பொதுமக்கள் அவரிடம் கேட்ட வினாவே மாறிற்று. அம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் நாய் வியாபாரம் பெரும்பாலும் தெருவோரத்திலேயே நடைபெற்றது. குட்டிகளைக் கையில் ஏந்தியவாறு செல்வர் நடமாடும் வீதிகளில் நின்று விற்றவர்களைப் பற்றி, 1851 இல் இலண்டன் உழைப்பாளரையும் வறியோரையும் குறித்துப் பெருநூல் வெளியிட்ட ஹென்றி மேஹியூ விரிவாக எழுதியுள்ளார். அவ்வியாபாரிகளுக்கு அருகிலேயே நாய்த்திருடர்களும் வாழ்ந்தனர். செல்வர் வீட்டு நாய்களைக் கவர்ந்து, பணயப்பணம் பெற்றுத் திருப்பிக் கொடுப்பது அவர்தம் தொழில். கவிஞர் எலிசபெத் பறெற் தம் நாயை இவ்வாறு பணங்கொடுத்தே மீட்க நேர்ந்தது. நாய்த்திருட்டைத் தண்டிப்பதற்கெனத் தனிச்சட்டம் 1845 இல் இயற்றப்பட்டது. 1824 இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிவிட்டபோதிலும், நாய் விற்பனை குறித்து அக்காலப் பொதுமக்கள் கொண்ட முதன்மையான ஐயம், ‘இந்த நாய் யாருடையது?’ என்பதாகவே இருந்தது. வினா உடைமை பற்றியது, உயிர் பற்றியதன்று.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, கடை ஒரு சீர்திருத்தமாகவே தோன்றியமை வியப்பன்று. கடைக்காரருக்கு நிலையான முகவரியுண்டு. விற்ற பொருளுக்கு அவர் பொறுப்புக் கூறவேண்டும். இலண்டனின் புகழ்பெற்ற ஹரட்ஸ் பேரங்காடி 1917 இல் பிராணிகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்றைத் திறந்தது. 1951 இல் நிறைவேறிய வளர்ப்புப் பிராணிகள் சட்டம் இந்நம்பிக்கைக்குச் சட்டவடிவம் தந்தது. பிராணிகளை விற்கும் கடை உள்ளூராட்சி மன்றத்தின் அநுமதிப்பத்திரம் பெறவேண்டும். கூட்டின் அளவு, வெப்பம், ஒளி, உணவு, நீர் ஆகியன போதியனவாயிருத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவருக்கு விற்றலாகாது என அது விதித்தது. ‘கடையில் இப்பிராணி எவ்வாறு பேணப்படுகின்றது?’ என்பதே இப்போது எழுந்த புதிய வினா. கடைச் சாளரத்திலுள்ள நாய்க்குட்டியின் விலையை வினவும் அமெரிக்கப் பாடலொன்றை லீற்றா றோசா பாட, அது 1953 இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அச்சாளரத்தை மக்கள் எத்துணைக் களங்கமற்ற காட்சியாகக் கருதினர் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

1951 ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பிராணி விற்பதைத் தடைசெய்தபோதும், சந்தைகளிலுள்ள கடைத்தட்டுகளுக்கும் வண்டில்களுக்கும் விலக்களித்தது. கிழக்கு இலண்டனின் கிளப் றோ ஞாயிறுச் சந்தை இவ்விலக்கின் நிழலில் தொடர்ந்து இயங்கியது. பறவைச் சந்தையாகத் தொடங்கிய அவ்விடத்தில் நாய்க்குட்டிகளும் பெருமளவில் விற்கப்பட்டன. நோயுற்ற குட்டிகள் அங்கு விற்கப்படுவதைக் கண்டித்து மிருகநல ஆர்வலர் நெடுங்காலம் போராடினர். 1983 இல் சட்டம் திருத்தப்பட்டு, சந்தைகளுக்கான விலக்கு நீக்கப்பட்டது. கிளப் றோவின் பிராணி வணிகமும் முடிவுற்றது. எனினும், இவ்வெற்றி கடையை மேலும் உயர்த்தியதேயன்றி ஐயத்துக்குள்ளாக்கவில்லை. தெரு தீயது, கடை நல்லது என்னும் பழைய பாகுபாடு அவ்வாறே நிலைத்தது.

இதனிடையே கடைக்குப் பின்னால் வேறொரு தொழில் வளர்ந்து வந்தது. மேற்கு வேல்ஸ் முதலிய பிரதேசங்களில் வருமானங் குன்றிய பண்ணைகள் சில, மாட்டுக்கொட்டில்களில் நாய்களை அடைத்துக் குட்டிகளை உற்பத்தி செய்யத் தலைப்பட்டன. ‘நாய்க்குட்டிப் பண்ணை’ என்னும் இகழ்ச்சிப் பெயர் இதனால் வழக்கில் வந்தது. 1973 ஆம் ஆண்டின் நாய் வளர்ப்புச் சட்டம் இத்தகைய இடங்களுக்கும் அநுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம், அநுமதி பெற்ற இடங்களில் ஒரு பெண்நாய் தன் வாழ்நாளில் ஆறு தடவைக்கு மேல் ஈனலாகாது என்றும், ஈற்றுகளுக்கிடையே ஓராண்டேனும் செல்லவேண்டும் என்றும் வரையறுத்தது. ஆயினும் அதே சட்டம், அநுமதி பெற்ற கடைகளுக்குக் குட்டிகளை விற்பதைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டது. பண்ணைக்கும் கொள்வோருக்குமிடையே நின்ற கடை ஒரு திரையாயிற்று. குட்டியைக் கண்டவர் அதன் தாயைக் காணவில்லை.

அத்திரையை விலக்கிய பெருமை லூசி என்னும் பெண்நாயைச் சாரும். கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் இனத்தைச் சேர்ந்த லூசி, 2013 இல் வேல்ஸ் பண்ணையொன்றிலிருந்து மீட்கப்பட்டது. குறுகிய கூட்டில் ஆண்டுக்கணக்காக அடைபட்டு, ஓயாது ஈன்று, வளைந்த முள்ளந்தண்டும் வலிப்பு நோயும் உடையதாய் அது வெளிவந்தது. 2016 இறுதியில் அது இறந்தது. மிருகவைத்தியர் மார்க் ஏபிரஹாம் முன்னின்று நடத்திய இயக்கம் அதன் பெயரையே தாங்கிற்று. 2018 இல் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு பாராளுமன்ற விவாதத்துக்கு வழிவகுத்தது. ‘இதன் தாய் எங்கே?’ என்னும் மூன்றாவது வினா இவ்வாறு பொதுவினாவாயிற்று.

மாற்றுக் கருத்துகளும் இல்லாமலில்லை. அநுமதி பெற்ற கடை பரிசோதனைக்கு உட்பட்டது. அதனை மூடினால் வணிகம் பரிசோதிக்க இயலாத இடங்களுக்கே செல்லும் எனச் சிலர் வாதித்தனர். தடை மாத்திரம் போதாது, தடையைச் சுற்றிச் செல்லும் வழிகளையும் அடைத்தல் வேண்டுமென மிருகநல இயக்கத்தினுள்ளும் எச்சரிக்கை எழுந்தது. இவ்வாதங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆயினும், பரிசோதகர் கடையிற் காண்பது கூட்டையும் குட்டியையுமே. தொலைவிலுள்ள தாயின் துன்பம் அவர் ஏட்டில் இடம்பெறுவதில்லை. கடையை எத்துணைத் தூய்மையாக வைத்தாலும் இக்குறை தீராது என்பதே தடையை வேண்டியோரின் வலிமையான நியாயமாகும்.

2020 ஏப்ரில் 6 ஆம் திகதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ‘லூசியின் சட்டம்’, ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் தாமே வளர்த்து ஈனச்செய்யாத வணிகர் விற்பதைத் தடைசெய்தது. வேல்ஸும் ஸ்கொத்லாந்தும் 2021 இல் இவ்வழியைப் பின்பற்றின. எனினும், வரலாறு ஈண்டு ஒரு முரண்நிலையையும் காட்டுகின்றது. சட்டம் வருவதற்கு இரு வாரங்களின் முன்னரே கொரோனாத் தொற்றின் காரணமாக நாடு முடக்கப்பட்டிருந்தது. வீடுகளில் அடைபட்ட மக்கள் நாய்க்குட்டிகளை நாடினர், விலைகள் ஏறின, இணைய விளம்பரங்கள் பெருகின, நாய்த்திருட்டு பற்றிய அச்சமும் மீண்டது. மேஹியூ கண்ட இலண்டனின் முதலாவது வினா, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஒலித்தது.

ஆகவே, ஒரு வினா மற்றொன்றை அழித்துவிடுவதில்லை. அதன்மேல் அடுக்காக அமைகின்றது எனலாம். உடைமை, பேணல், பிறப்பு என்னும் மூன்றையும் ஒருங்கே வினவுபவரே இன்று பொறுப்புடன் கொள்பவராவார். கடைச் சாளரம் அகன்றுவிட்டது. அதன் இடத்தைக் கணினித்திரை பற்றியுள்ளது. அங்கும் குட்டியின் படம் அழகாகவே தோன்றும். படத்துக்கு வெளியே நிற்கும் தாயைத் தேடிச் செல்லும் கடமையைச் சட்டம் தொடக்கிவைக்கலாம். அதனை நிறைவேற்றுதல் கொள்வோர் கையிலேயே உள்ளது.